தியரி விழுப்புரம், பிராக்டிகல் திண்டிவனம்

மின்சாரம் எல்லா ஊரிலும் ஒரே மின்சாரம்தான் என்று துரைக்கண்ணு நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். விழுப்புரத்தில் அது தியரி என்பதும், முப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் அது பிராக்டிகல் என்பதும், 'ஒளிச்சுடர் பொறியியல் தேர்வுப் பயிற்சிக் கழக'த்தில் சேர்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது.

1985ஆம் வருஷம் அது. துரைக்கண்ணு எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிப்ளமா இருந்தால் மட்டும் போதாது. சூப்பர்வைசர் லைசென்ஸ் பரீட்சை எழுதித் தேறினால்தான் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்து கையெழுத்துப் போட முடியும். இந்தப் பரீட்சைக்கு டிப்ளமாக்காரர்களையும் டிகிரிக்காரர்களையும் தயார்செய்வதுதான் கழகத்தின் திருப்பணி.

துரைக்கண்ணுவுக்கு அந்த லைசென்ஸ் எதற்கு என்று கேட்டால், கெடார் கிராமத்தில் அவன் வீட்டுக் கழனிக்குப் போக வேண்டும். அவன் ஒன்பதாவது படிக்கும்போது, கிணற்றடி மோட்டாரின் ஈரக் குழாயை உரசிய செவலை மாடு நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தை ஒயரிங் செய்தவர் போடவில்லை. அன்றிலிருந்து அவன் அப்பா சுப்பராயலு, காய்ந்த வேப்பங்கழி ஒன்றை வைத்துக்கொண்டு, எட்ட நின்று குத்தித்தான் ஸ்டார்ட்டரை ஓட்டுகிறார். அந்தக் காட்டில் எர்த்து இல்லாத மோட்டார் இன்னும் பதினொன்று இருந்தன. "நான் சரி பண்ணித் தரேன்" என்று துரைக்கண்ணு சொன்னால், "ஒன்கிட்ட லைசென்ஸு கீதாடா?" என்று கேட்டுவிட்டு, மாட்டைக் கொன்ற அதே லைசென்ஸ்காரரைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள்.

அதனால் அவன் கழகத்தில் சேர்ந்தான்.

கழகத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேராசிரியர் ராஜாமணி. மற்றவர் அவர் மைத்துனர் அப்பாதுரை. முதலில் விழுப்புரத்தில் ஒரே அறையில், ஒரே சுழல் நாற்காலியோடு நடத்தினார்கள். நாற்காலி ஒன்று, உட்காருகிறவர்கள் இரண்டு என்பதால் இரண்டாம் வருஷமே சண்டை வந்தது. பெரியவர்கள் நாலு பேர் கூடி, நிலத்துக்கு வரப்புப் போடுவது போலப் படிப்புக்கு வரப்புப் போட்டுத் தீர்த்து வைத்தார்கள். தியரி ராஜாமணிக்கு, விழுப்புரம். பிராக்டிகல் அப்பாதுரைக்கு, திண்டிவனம். ஒருவர் பங்கில் மற்றவர் கால் வைக்கக் கூடாது. போஸ்டர் ஒட்டுவதற்கு எல்லை, கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தம். அதற்குத் தெற்கே விழுப்புரம், வடக்கே திண்டிவனம். நிறுத்தம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்தாகியிருந்தது.

இது தெரியாமல், முதல் நாள் வகுப்பிலேயே துரைக்கண்ணு எழுந்து நின்றான்.

"சார், எர்த்து குழில பைப்ப எவ்ளோ ஆழம் எறக்கணுங்க?"

ராஜாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, எர்த்து என்பதன் பொருளை இங்கே கேள். பயனைக் கேள். வரலாற்றைக் கேள். குழியைக் கேட்காதே. குழி திண்டிவனத்தில்."

"அப்ப இந்தச் சந்தேகத்த யார்கிட்ட கேக்கறதுங்க சார்?"

"சந்தேகப் படிவம் இருக்கிறது. மூன்று நகல் எழுது. நம் இருதயசெல்வி எடுத்துப் போவாள்."

இருதயசெல்வி கழகத்தின் அட்டெண்டர். காலையில் கூட்டிப் பெருக்குவாள். பதினோரு மணிக்குத் துணிப்பையில் படிவங்களையும் டெலிவரி நோட்டையும் போட்டுக்கொண்டு, மூங்கில் பிடி போட்ட குடையோடு திண்டிவனம் பஸ் ஏறுவாள். மாலையில் பதில்களோடு திரும்புவாள்.

துரைக்கண்ணுவின் சந்தேகத்துக்கு எட்டாம் நாள் பதில் வந்தது. 'எவ்வளவு ஆழம் என்பது ஓர் அளவு. அளவுகள் புத்தகத்தில் உள்ளவை. புத்தகம் தியரியைச் சேர்ந்தது. எனவே விழுப்புரத்தில் கேட்கவும்.' கீழே அப்பாதுரையின் கையெழுத்தும், கழகத்தின் முத்திரையும் இருந்தன.

அவன் அதை இருதயசெல்வியிடம் காட்டினான்.

"அக்கா, இன்னாக்கா இது?"

"நான் தூக்கினு போறவ தம்பி. படிக்கிறவ இல்ல" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்து, "போன வருசம் ஒரு பையன் சந்தேகம் பன்னெண்டு தபா போயி வந்துச்சி. அதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமே ஆயிட்ச்சி" என்றாள்.

சனிக்கிழமைதோறும் மாணவர்கள் பிராக்டிகலுக்குத் திண்டிவனம் போக வேண்டும். இருதயசெல்வியும் அதே பஸ்ஸில்தான் வருவாள். கூட்டமான பஸ். விழுப்புரத்திலேயே ஏறி இடம் பிடித்துவிடும் துரைக்கண்ணு, அவள் பையோடு தடுமாறுவதைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்துவிடுவான். "ஒக்காருக்கா. எனுக்கு நின்னுகினு வந்தாதான் தூக்கம் வராது" என்பான். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். கடவுள் இந்த மாதிரிப் பொய்களைக் கணக்கில் எழுதுவதில்லை என்பது அவள் நம்பிக்கை.

திண்டிவனம் கிளையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள்ளே ஒரு மெக்கர். ஒயரில் மின்சாரம் கசிகிறதா என்று கைப்பிடியைச் சுற்றிச் சோதிக்கும் கருவி அது. சந்தனமும் குங்குமமும் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு மாலை போடுவார்கள். அலமாரி திண்டிவனத்தில், பூட்டைத் திறக்கும் சாவி விழுப்புரத்தில். 'பாதுகாப்பு என்பது ஒரு கொள்கை. கொள்கை தியரி' என்று ராஜாமணி சாவியைத் தன் பங்கில் வைத்துக்கொண்டிருந்தார். மாலை மட்டும் அலமாரிக்கு வெளியே போடப்பட்டது.

"மெக்கரைத் தொட்டுக் கற்றுக்கொள்கிறவன் ஒரு மெக்கரைத்தான் கற்றுக்கொள்கிறான்" என்றார் அப்பாதுரை. "தொடாமல் கற்றுக்கொள்கிறவன் உலகத்தில் உள்ள எல்லா மெக்கரையும் கற்றுக்கொள்கிறான். இதுதான் நம் திண்டிவன முறை. எல்லாரும் வலக்கையை உயர்த்துங்கள். நிமிஷத்துக்கு நூற்றறுபது சுற்று. ஆரம்பி!"

முப்பத்தோரு பேர் வெறும் காற்றில் கையைச் சுற்றினார்கள். அப்பாதுரை கடிகாரத்தைப் பார்த்தபடி வரிசையில் நடந்தார். "பாக்கியராஜ், நூற்றைம்பத்தைந்துதான் வருகிறது. தோள்பட்டையைத் தளர்த்து. துரைக்கண்ணு, நீ கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறாய். உடைந்துவிடும்!"

பக்கத்தில் நின்ற பாக்கியராஜ் மெதுவாக, "இன்னாடா, ஒன் கைப்பிடிய ஒடச்சிட்டியாமே! புச்சா ஒண்ணு வாங்கி வச்சிடு" என்றான். அவன் பி.இ. முடித்தவன். காற்று சுற்றிச் சுற்றி அவன் வலத்தோள் இடத்தோளைவிடப் பருத்துப் போயிருந்தது.

விழுப்புரத்து காண்டிராக்டர் சீனுவாசன் துரைக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "தை பொறக்கறதுக்குள்ள லைசென்ஸோட வா. சூப்பர்வைசர் வேலை ஒனக்குத்தான். வரலன்னா வேற ஆளப் போட்டுக்கினு போய்க்கினே இருப்பேன். என்னைக் கொற சொல்லக் கூடாது." அதனால் அந்த நவம்பர் மாதப் பரீட்சையைத் துரைக்கண்ணு விட முடியாது. விண்ணப்பங்களைக் கழகம்தான் அனுப்பியிருந்தது. ஹால் டிக்கெட்டுகளும் கழகத்தின் விலாசத்துக்கே வந்து சேர்ந்தன.

ஹால் டிக்கெட் கொடுப்பதற்கென்று கழகம் ஒரு விழா எடுத்தது. கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமென்பதால் மேடையில் எல்லாருக்கும் வெறுங்கால். மேடையோரத்தில் ஒரு பழைய இரும்புப் பீடஸ்டல் ஃபேன். அதன் ஒயருக்கு பிளக் கிடையாது. இரண்டு கம்பி முனைகளையும் சுவரிலிருந்த ஓட்டைகளில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சி அடித்திருந்தார்கள். மின்சாரப் பாதுகாப்பைப் பற்றி அறுநூறு பக்கம் நோட்ஸ் கொடுக்கும் நிறுவனத்தில் இதைத் துரைக்கண்ணு ஒருவன்தான் பார்த்தான். சந்தேகப் படிவம் எழுதலாமா என்றுகூட நினைத்தான்.

ராஜாமணி பேசத் தொடங்கினார்.

"கேட்கிறார்கள்! ஒளிச்சுடர் மாணவன் ஒரு பல்பு மாட்டுவானா என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், மாட்ட மாட்டான்! பல்பு மாட்டுகிறவன் ஏணியில் நிற்கிறான். பல்பைப் பற்றி எழுதுகிறவன் நாற்காலியில் உட்காருகிறான். உங்களை நான் ஏணியில் ஏற்றுவதற்கா இத்தனை பாடுபடுகிறேன்? பதினான்கு ஆண்டுகளில் இந்தக் கூடத்தில் ஒரு மாணவனுக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. ஏன்? ஒருவனும் எதையும் தொட்டதில்லை!"

கைதட்டல். அவருக்கு வியர்த்தது. ஃபேனைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ள அதன் கழுத்தைப் பிடித்தார்.

அவர் குரல் நடுங்கியது. உடம்பு நடுங்கியது. வார்த்தை வராமல் வாய் கோணியது. பேராசிரியர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மாணவர்கள் முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

துரைக்கண்ணு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத்தரையில் மடங்கிய கால் விரல்களைப் பார்த்தான். செவலை மாட்டின் கால் அப்படித்தான் மடங்கியது.

"சாருக்குக் கரண்ட் அடிக்குதுடா!"

உதவி விரிவுரையாளர் சவுரிராயன் எழுந்து, "ஷாக் சிகிச்சை, பாடம் பதினொன்று, விதி ஒன்று! பதறக் கூடாது" என்று தொடங்கினார். முப்பது பேர் எழுந்து நின்று அவரோடு சேர்ந்து சொன்னார்கள். பழக்கம் அப்படி. விதி இரண்டுக்குள் துரைக்கண்ணு மேடைக்கு ஓடிவிட்டான். சுவிட்ச் உடைந்து தொங்கியது. கதவோரம் நின்ற இருதயசெல்வி, ஒன்றும் கேட்காமல் கையிலிருந்த குடையை நீட்டினாள். அவன் அதன் மூங்கில் வளைவை ஒயரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தான். தீக்குச்சிகள் தெறித்தன. ராஜாமணி மாலையோடு தரையில் உட்கார்ந்தார்.

அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் குடித்தார், மூச்சு வாங்கினார், நாலு பக்கமும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "விழுப்புரத்தில் பிராக்டிகல் செய்தது யார்?"

மறுநாள் விசாரணை. அப்பாதுரையே திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். அவருடைய துறைக்குள் அத்துமீறல் நடந்திருக்கிறது அல்லவா? பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மைத்துனர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஒயரைப் பிடுங்கும்போது உனக்குச் சந்தேகம் ஏதாவது இருந்ததா?" என்று அப்பாதுரை கேட்டார்.

"இல்லீங்க சார்."

"எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இல்லாமல் பிராக்டிகல் செய்திருக்கிறான்."

"நீ பிடுங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றார் ராஜாமணி.

துரைக்கண்ணு தரையைப் பார்த்தான். அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. "தெரியலீங்க சார்."

"பார்த்தீர்களா? விளைவு தெரியாமலே செய்திருக்கிறான். என் உயிரைப் பற்றி நான் பேசவில்லை. உயிர் வரும், போகும். முறை போனால் வருமா?"

ராஜாமணி சாவி தர, குடை சாட்சிப் பொருளாகத் திண்டிவனத்து அலமாரிக்குள் போனது. துரைக்கண்ணுவின் ஹால் டிக்கெட் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது.

அவன் தினமும் இரண்டு ஊருக்கும் அலைந்தான். குற்றம் பிராக்டிகல் என்பதால் ஹால் டிக்கெட் திண்டிவனத்துக்குப் போய்விட்டது என்றார்கள் விழுப்புரத்தில். திண்டிவனத்துக்குப் போனால், 'அதில் எழுத்துத் தேர்வு தேதியும் போட்டிருக்கிறது. எழுத்து தியரி. எனவே விழுப்புரத்துக்கே அனுப்பிவிட்டோம்' என்றார்கள். விழுப்புரத்துக்கு ஓடினால், 'கீழே செய்முறைத் தேர்வும் போட்டிருக்கிறதே' என்று காலையில்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரே காகிதத்தில் இரண்டும் அச்சடித்த அரசாங்கத்தைப் பேராசிரியர் கடிந்துகொண்டார்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஹால் டிக்கெட்டைக் கொடுக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தன்னிடம் இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்பதுதான் இரண்டு பேருடைய நிலையும்.

மெட்ராஸில் நடக்கும் பரீட்சைக்கு முந்தின நாள். வேர்க்கடலையை வெல்லத்தில் உருட்டி அப்பா கட்டிக்கொடுத்த மல்லாட்டை உருண்டையும், மாற்றுச் சட்டையும் பையில் இருக்க, போவதற்கு எந்த ஊர் என்று தெரியாமல் துரைக்கண்ணு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். தூறல் விழுந்தது. முக்காட்டின் மேல் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு இருதயசெல்வி வந்தாள். குடைதான் அலமாரியில் இருக்கிறதே.

"ஏறு தம்பி" என்றாள்.

"எங்கக்கா?"

"ஏறுன்னா ஏறேன். பேஜாரு பண்ணாத."

பஸ்ஸில் ஓர் இடம்தான் கிடைத்தது. அவன் வழக்கம்போல அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்கார்ந்தாள். கூட்டேரிப்பட்டில் பஸ் டீ குடிக்க நின்றதும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

டீக்கடைச் சுவரின் தென்பக்கம் ராஜாமணியின் போஸ்டர். வடபக்கம் அப்பாதுரையின் போஸ்டர். அவள் இரண்டுக்கும் நடுவில், கூரை விளிம்பில் நின்றுகொண்டாள். பையிலிருந்து டெலிவரி நோட்டை எடுத்தாள். அதற்குள் ஹால் டிக்கெட் இருந்தது. ஒன்பது நாள் பஸ் பயணத்தில் ஓரங்கள் நைந்திருந்தன.

"இங்க தியரியும் இல்ல, பிராக்டிகலும் இல்ல தம்பி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறாங்க. இந்த எடத்துல இது யார்து?"

"என்துதாங்க்கா."

"அப்ப கையெழுத்துப் போடு."

"ஒன் வேல போயிடும்க்கா."

"நான் திருடல. யார் பேரு அதுல கீதோ அவங்ககிட்ட குடுக்கறேன். மாதாவுக்குத் தெரியும்." 'பெற்றுக்கொண்டவர்: விழுப்புரம் / திண்டிவனம்' என்று நோட்டில் அச்சடித்திருந்த இரண்டு ஊரையும் அவள் பேனாவால் அடித்தாள். கோணல் எழுத்தில் 'உரியவர்' என்று எழுதினாள். "ஜல்தியா போடுப்பா. டிரைவர் டீய குடிச்சிட்டாரு."

துரைக்கண்ணு போட்ட கையெழுத்து தூறலில் கொஞ்சம் ஊறியது. மல்லாட்டை உருண்டையில் பாதியை அவள் பையில் வைத்தான். திண்டிவனத்தில் அவள் இறங்கிக்கொள்ள, அவன் மெட்ராஸ் பஸ்ஸுக்கு ஓடினான்.

எழுத்துப் பரீட்சை முடிந்து, மறுநாள் செய்முறை. மேஜை மேல் நிஜமான மெக்கர். பாக்கியராஜ் அவனுக்கு முன்னால் போனான், வணங்கினான், வலக்கையை உயர்த்தி, மெக்கருக்கு ஒரு முழம் மேலே காற்றில் நூற்றறுபது சுற்றுச் சுற்றினான். தேர்வாளர், நரைத்த மனிதர், பொறுமையாகப் பார்த்தார்.

"தம்பி, மெக்கர் கீழே இருக்குது."

"தெரியும் சார். தொடலாங்களா சார்?"

துரைக்கண்ணுவின் முறை வந்தபோது அவன் கையும் தானாகவே மேலே போயிற்று. தேர்வாளர் எழுந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பிடியின் மேல் வைத்தார். "நீயும் ஒளிச்சுடரா? காலையிலேருந்து காத்துதான் சுத்துறீங்க." அவன் சுற்றினான். முள் அசைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கருவி அவனுக்குப் பதில் சொன்னது.

"ஒருத்தர் ஷாக்குல மாட்டிக்கிட்டார். என்ன செய்வே?"

பாடம் பதினொன்றின் பதினான்கு விதிகளும் அவன் நாக்கு நுனிவரை வந்தன. "கரண்ட்ட எடுத்துடுவேங்க. சுவிட்ச் ஒடஞ்சிருந்தா, காஞ்ச மூங்கி, கொடை எதுன்னா கெடச்சா போதுங்க."

"அப்புறம்?"

"மூச்சு இருக்குதான்னு பாப்பேங்க. தண்ணி குடுக்கச் சொல்லுவேங்க. அப்புறம், ஏன் காப்பாத்தினேன்னு வெளக்கம் எழுதிக் குடுப்பேங்க."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் பையன் சிரிக்கவில்லை.

மார்கழி கடைசியில் லைசென்ஸ் வந்தது. தைக்கு நாலு நாள் முன்னால் சீனுவாசனிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கெடாரில் ஒவ்வொரு கிணற்றடியாகக் குழி தோண்டினான். முதல் குழி தோண்டியது சொந்தக் கழனியில். மூடிய பிறகு, அப்பா கையிலிருந்த வேப்பங்கழியை வாங்கி வைத்துக்கொண்டு, "இப்ப தொடுப்பா" என்றான். சுப்பராயலு வெகுநேரம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு விரலை வைத்தார்.

அந்த மாதமே கூட்டேரிப்பட்டுச் சுவரின் இரண்டு பக்கமும் துரைக்கண்ணுவின் படம் ஒட்டப்பட்டது. தெற்கே, 'எமது தியரியின் வெற்றி!' வடக்கே, 'எமது பிராக்டிகலின் வெற்றி!' விசாரணை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. குடை, மெக்கருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் மாலையோடு வைக்கப்பட்டது.

துரைக்கண்ணு ஒரு நாள் கழகத்துக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. ஒரு கையில் மூங்கில் பிடி வைத்த புதுக் குடை, அது இருதயசெல்விக்கு. சைக்கிளில் கடப்பாரை, இரும்புக் குழாய், குழியில் நிரப்ப மூட்டை நிறையக் கரியும் உப்பும்.

"கொல்லைல ஒரு எர்த்து குழி போட்டுக் குடுத்துட்டுப் போறேங்க சார்."

ராஜாமணி யோசித்தார். "குழி திண்டிவனம் ஆயிற்றே, தம்பி."

"மூடிட்டா யார் கண்ணுக்கும் தெரியாதுங்க சார். மனசுல நெனச்சிக்க வேண்டியதுதான். தியரிதாங்க."

பேராசிரியருக்கு அது நியாயமாகப் பட்டது. அவன் ஒரு பகல் முழுக்கத் தோண்டி, குழாயை இறக்கி, ஃபேனுக்கு மூன்று முனைப் பிளக்கும் போட்டுவிட்டுப் போனான். போகும்போது, "வெய்ய காலத்துல அதுல தண்ணி ஊத்தணுங்க சார். காஞ்சிட்டா வேல செய்யாது" என்றான்.

குழியைச் சுற்றி வேலி போட்டார்கள். 'படிவம் ஒன்பது இல்லாமல் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று பலகை வைத்தார்கள். படிவம் ஒன்பது இன்னும் அச்சாகவில்லை. தண்ணீர் தியரியா, பிராக்டிகலா என்று இரண்டு ஊருக்கும் இடையே கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் சித்திரை வெயிலிலும் அந்த மண் காய்வதில்லை. தினமும் காலையில் கூடத்தைத் துடைத்து முடித்ததும், இருதயசெல்வி வாளியோடு கொல்லைப் பக்கம் போகிறாள். சவுரிராயன் ஒரு தடவை கேட்டதற்கு, "மீந்த தண்ணிய வேற எங்க சார் ஊத்துறது?" என்றாள்.

வகுப்பில் வியர்க்கும்போதெல்லாம் ராஜாமணி வெறுங்காலோடு வந்து ஃபேனின் கழுத்தைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஒன்றும் ஆவதில்லை. முறையாகப் படித்தவனை மின்சாரம் தொடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.